"வழுக்கி விழுந்தேன்" என்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். கோவையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவும் மனநல மருத்துவராக ஆசை. அப்பாவோ, "ஸ்கின் எடு அம்மணி" என்கிறார். இதற்கு என்ன வழி? நம் பக்கம் வேலை இருக்குமா?

பதில்: எல்லா மனநல மருத்துவர்களும் போகிற வழிதான். நீட் பி.ஜி. எழுதி, மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. சேர வேண்டும். எதுவானாலும் 3 ஆண்டுகள். நீங்கள் கேட்கிற வேலையைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஓ.பி.யில்தான்.

"புருசன் அடிக்கிறாருங்க" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலைவலி, தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்றுதான் வருவார்கள். பக்கத்தில் கணவரோ மாமியாரோ உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்வார்கள். பி.ஜி. படித்த காலத்தில் ஒருமுறை, கணவரை வைத்துக்கொண்டே "வீட்டில் அடிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா மறுபடி வரவேயில்லை. இப்போதெல்லாம் எடை பார்க்க வேண்டும், வெளியே இருங்க என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் பேச்சையே எடுப்பேன்.

அடுத்தது எழுத்து. மனச்சோர்வு இருந்தால் மாத்திரை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சீட்டில் நோயின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், நாளைக்கு அதுவே அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திரும்பலாம். இந்து திருமணச் சட்டத்தில் மனநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணம். அதனால் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், காயம் எங்கே, எவ்வளவு என்பதோடு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர் சொன்னது ரகசியம். ஃபீஸ் கட்டியவர் கணவரே ஆனாலும் அவரிடம் சொல்லக் கூடாது.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்தையும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம், 181 பெண்கள் உதவி எண் இவையெல்லாம் இல்லாமல் டாக்டர் ஒருவரால் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது.

சரி, நம் ஊரில் கட்டாயம் வரும் ஒரு சிக்கல். பெரியவர்கள் நாலு பேர் வந்து, "ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சுப் புத்தி சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். அடி நிற்காதவரை செய்யாதீர்கள். ரூமுக்குள் அந்தப் பெண் சொல்லும் உண்மைக்கு வீட்டில்தான் கணக்குத் தீர்க்கப்படும். கணவரின் குடிக்கு வைத்தியம் தனியாக நடக்கட்டும். குடி நின்றால் கையும் நின்றுவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேலை இருக்கிறது. கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகள், மாவட்ட மனநலத் திட்டம், தனியார் ஆஸ்பத்திரிகள் என்று போகலாம். தனியாக கிளினிக் வைத்தால் இந்த வேலையை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. பாதி நாள் குடி, மனச்சிதைவு, பிள்ளைகளின் பரீட்சை பயம் என்றுதான் போகும். திருப்பூரில் வைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வையுங்கள். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு வாரநாளில் லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. வருமானம் ஸ்கின் அளவுக்கு வராது, அப்பா சொல்வதில் அவ்வளவுதான் நியாயம்.

பி.ஜி. வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கேஷுவாலிட்டி டூட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது ஒரு பெண் "வாசப்படியில வழுக்கி விழுந்துட்டனுங்க" என்றால், யார் அடித்தது என்று கேட்காதீர்கள். கூட வந்தவரை ஓ.பி. சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, "வீட்டுக்குப் போகப் பயமா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.