மாடலில் எந்த எண்ணைத் தொட்டால் எது அசையும்? – கேள்வி பதில்

முதுகலை மாணவி: உணர்திறன் பகுப்பாய்வு, நிச்சயமின்மைப் பகுப்பாய்வு, இரண்டும் ஒன்றுதானே சார்?

இல்லைம்மா. இயற்கையைக் கணக்காக்கும் மாடலுக்கு நாம் கொடுக்கும் ஓர் எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் விடை எவ்வளவு அசைகிறது என்பது உணர்திறன். அந்த எண்ணே நமக்குச் சரியாகத் தெரியாததால் விடை எவ்வளவு சிதறுகிறது என்பது நிச்சயமின்மை. விடையை அசைக்கவும் செய்யும், சரியாகத் தெரியவும் தெரியாது என்கிற எண்ணைத்தான் முதலில் களத்துக்குப் போய் அளக்க வேண்டும்.

சென்னைக் கரையில் ஆமை முட்டை சேகரிக்கும் தன்னார்வலர்: இதனால் நிஜத்தில் ஏதாவது பலன் உண்டா?

உங்கள் ஆமைக்கே உண்டு. 1987-இல் கிரௌஸ், கிரௌடர், காஸ்வெல் மூவரும் அமெரிக்கத் தென்கிழக்குக் கரையின் பெருந்தலை ஆமைகளுக்கு மாடல் போட்டார்கள். கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் குறைந்துகொண்டிருந்தது. காவலோ பெரும்பாலும் கரையில், முட்டைகளுக்கு. முதலாண்டில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை என்று வைத்து ஓட்டினாலும் சரிவு நிற்கவில்லை. பெரிய இளம் ஆமைகள் ஓராண்டு பிழைக்கும் விகிதத்தை 0.68-லிருந்து 0.77-க்கு ஏற்றியதும் கூட்டம் பெருகியது. இறால் மடியில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவற்றில் அந்த உடலளவுள்ள இளம் ஆமைகள் நிறைய. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி வேண்டும் என்ற வாதத்துக்கு இது பெரிய பலம் சேர்த்தது.

அதற்காக முட்டைகளை விட்டுவிடாதீர்கள். அவை பெருந்தலை ஆமையின் எண்கள். உங்கள் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி) அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் நடப்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

ஆய்வு மாணவர்: எல்லா எண்ணையும் 10 சதவீதம் கூட்டிக் குறைத்தால் போதாதா?

போதாது, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம். நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் என்றால் 10 சதவீதம் என்பது 2.5 டிகிரி. அதையே கெல்வினில் 298 என்று எழுதினால் கிட்டத்தட்ட 30 டிகிரி, மீனெல்லாம் வெந்துவிடும்! ஒவ்வொரு எண்ணும் களத்தில் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று பார்த்து அந்த வீச்சைக் கொடுங்கள். அப்புறம், ஒவ்வொன்றாக மட்டும் மாற்றினால், இரண்டு எண்கள் சேர்ந்து செய்யும் வேலை கண்ணில் படாது.

இன்னொருவர்: 30 எண்கள். ஒரு ஓட்டத்துக்கு 10 நிமிடம். சோபல் முறை (விடையின் சிதறலில் ஒவ்வொரு எண்ணுக்கும், எண்கள் சேர்ந்து செய்வதற்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது) முடியுமா?

எண்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, எடுக்கும் மாதிரிகளால் பெருக்க வேண்டும். 1000 மாதிரி எடுத்தால் 32,000 ஓட்டம், ஏழு மாதத்துக்கு மேல். முதலில் மாரிஸ் முறையில் சலியுங்கள்; எண்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகும் பாதைகளைப் பல இடங்களிலிருந்து தொடங்கி, விடையை அசைக்காத எண்களைக் கழித்துவிடும் மலிவான முறை அது. ஒரு பாதைக்கு 31 ஓட்டம், 10 பாதைகள் என்றால் 310 ஓட்டம்தான், இரண்டே கால் நாளில் முடியும். ஐந்து எண்கள் தேறினால் அவற்றுக்கு மட்டும் சோபல், 7,000 ஓட்டம். நான்கு கணினியில் பிரித்துப் போட்டால் இரண்டு வாரத்துக்குள் விடை கையில்.