குடல் அழற்சி உள்ளவருக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தால் போதுமா?

உங்கள் தம்பிக்கு க்ரோன் நோய் (குடலில் நாள்பட்ட வீக்கமும் புண்ணும் வரும் நோய்) என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது, வீட்டில் கஞ்சியும் ரசமும்தான் கொடுக்கிறோம், வேறு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரங்கூனில் இருக்கிறேன். எனக்கு 12 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண் வரும் நோய், க்ரோனுக்குக் கூடப்பிறந்தது மாதிரி அது.

முதலில், வெறும் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். பத்தியம் என்று என் அம்மா 8 மாதம் அதைத்தான் ஊற்றினார், பாவம், எதைக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. 54 கிலோ இருந்தவள் 41க்கு வந்துவிட்டேன், தலை வாரினால் சீப்பு நிறைய முடி. நோய் என்னை இளைக்க வைத்தது பாதி என்றால் பட்டினி மீதி.

நோய் கிளம்பியிருக்கும்போது உடம்பு கேட்பது புரதம். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் வேண்டும், அதாவது 50 கிலோ ஆளுக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையிலேயே 6 கிராம்தான் இருக்கிறது, கஞ்சித் தண்ணீரில் என்ன இருக்கும் சொல்லுங்கள். அதனால் கஞ்சி கொதிக்கும்போதே முட்டையை அடித்து ஊற்றுங்கள், வெந்த மீனை முள் எடுத்து உதிர்த்துப் போடுங்கள், கோழியும் குழைய வெந்தால் சரி. சுரைக்காய், பூசணி, கேரட் எல்லாம் தோல் சீவி விதை எடுத்து மசித்துக் கொடுக்கலாம். பாலை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசமே தெரியவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள்.

எனக்கு மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) இல்லாமல் பொழுது விடியாது. வயிறு சரியில்லாத நாட்களில் தெருமுனைக் கடை அக்காவிடம் வாழைத்தண்டு வேண்டாம், மிளகாய்த்தூள் வேண்டாம், மேலே நொறுக்கிப் போடும் வடையும் வேண்டாம், முட்டையை மட்டும் நறுக்கிப் போடுங்கள் என்பேன். அவரும் கரண்டியால் தண்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு மீன் குழம்பை மட்டும் மொண்டு ஊற்றுவார். நோய் அடங்கியதும் தண்டோடுதான் சாப்பிடுகிறேன், நார்ச்சத்தை ஆயுசுக்கும் ஒதுக்கத் தேவையில்லை.

ஆனால் தம்பி விஷயம் வேறு. க்ரோனில் குடல் சில இடங்களில் சுருங்கிப்போவது உண்டு. ஸ்கேனில் அப்படி ஏதாவது தெரிந்ததா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். இருந்தால் வாழைத்தண்டு, சோளம், முருங்கைக்காய்ச் சக்கை, லப்பெத்தில் (பர்மியத் தேயிலை ஊறுகாய்) கலக்கும் வறுத்த கடலை இதெல்லாம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் என்றால் வைட்டமின் பி12 உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம், இரும்புச்சத்தோடு அதையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே விடச் சொல்லுங்கள், க்ரோனை அது மோசமாக்கும்.

இன்னொன்று. பர்மாவிலும் இந்தியாவிலும் குடல் காசநோய் அதிகம், அது பார்க்க அப்படியே க்ரோன் மாதிரி இருக்கும். காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது ஆபத்து, அந்தப் பரிசோதனை ஆயிற்றா? சாப்பாட்டை மாற்றிவிட்டோமே என்று மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். தம்பியின் எடை இப்போது எவ்வளவு, இரண்டு மாதத்துக்கு முன் எவ்வளவு என்று எழுதுங்கள்.