0.45 பெரியதா, 0.6 பெரியதா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. 0.45, 0.6 இரண்டில் 0.45தான் பெரியது என்கிறாள். 2.349-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கச் சொன்னால் 2.4 என்று எழுதுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: நாற்பத்தைந்து ஆறைவிடப் பெரியதுதானே என்று அவள் நினைக்கிறாள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனியொரு முழு எண்ணாகப் படிப்பதால் வரும் குழப்பம் இது. அதனால் முதலில் வாசிப்பை மாற்றுங்கள். ‘பூஜ்யம் புள்ளி நாற்பத்தைந்து’ என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், ‘பூஜ்யம் புள்ளி நான்கு ஐந்து’ என்றே சொல்லுங்கள்.

அப்புறம், நகைக்கடைக்குப் போகும்போது தராசைக் காட்டுங்கள். அது மூன்று தசம இடம் வரை காட்டும். 4.080 என்றால் நாலு கிராம் எண்பது மில்லி, 4.800 என்றால் நாலு கிராம் எண்ணூறு மில்லி. அந்த இரண்டையும் 4.08, 4.8 என்று எழுதினாலும் எடை மாறாது. கடைசியில் சேரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, நடுவில் நிற்கும் பூஜ்யத்துக்கு உண்டு. 0.6-ஐ 0.60 என்று எழுதிக் காட்டினால் 45-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கே தெரியும்.

ஆனால் பூஜ்யம் சேர்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இடமதிப்பு மனதில் பதிய வேண்டும். முழு எண் பகுதி சமமாக இருந்தால் பத்தில் ஒன்றாம் இடம், அதுவும் சமமென்றால் நூறில் ஒன்றாம் இடம் என இடமிருந்து வலமாகப் போக வேண்டும். முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கேயே முடிவு தெரிந்துவிடும். பின்னால் எத்தனை இலக்கம் வந்தாலும் 0.4999 என்பது 0.5-ஐ எட்டாது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை அவளுக்குச் சொல்லுங்கள். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 விநாடி, பி.டி. உஷாவின் நேரம் 55.42. நூறில் ஒன்றாம் இடத்தில் வெண்கலம் கைநழுவியது. ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கினால் இரண்டுமே 55.4 ஆகிவிடும். முழுதாக்கும்போது எதை இழக்கிறோம் என்பது இதைக் கேட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

சரி, 2.349-க்கு வருவோம். 9 இருப்பதால் 4-ஐ 5 ஆக்கி, அந்த 5-ஐ வைத்து 3-ஐ 4 ஆக்கியிருக்கிறாள். அப்படிப் படிப்படியாக ஏற்றக் கூடாது. எந்த இடம் வேண்டுமோ அதற்கு அடுத்த இலக்கத்தை மட்டும், அதுவும் மூல எண்ணில் உள்ளபடியே பார்க்க வேண்டும். இங்கே அது 4. ஐந்துக்குக் குறைவு என்பதால் விடை 2.3. நம்ப மறுத்தால் எண்கோடு வரையுங்கள். 2.3-க்கும் 2.4-க்கும் நடுப்புள்ளி 2.35. நம் எண் அதை இன்னும் தாண்டவில்லை.

3.96 போன்றவற்றையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். 9-ஓடு ஒன்று சேர்ந்து அடுத்த இடத்துக்கு ஏறுவதால் விடை 4.0. பத்தில் ஒன்று வரை கணக்கிட்டோம் என்பதற்கு அடையாளமாக அந்தப் பூஜ்யத்தை விடாமல் எழுத வேண்டும்.

அவள் கிரிக்கெட் பார்ப்பவளாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். 19.3 ஓவர் என்பது 19 ஓவரும் 3 பந்தும், அதாவது பத்தொன்பதரை ஓவர். அங்கே இருப்பது தசமப் புள்ளி அல்ல.