இன்றைய கிறிஸ்தவ வாழ்வில் துன்பத்துக்கும் தன்னை ஒறுத்தலுக்கும் என்ன பொருள்?

கேள்வியோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் வசதியாக வாழப் பார்க்கும் காலத்தில் சிலுவையைச் சுமப்பது, தன்னை ஒறுப்பது என்ற பேச்சுக்கு இன்னும் அர்த்தம் உண்டா என்பது ஒன்று. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் உங்கள் தோழியிடம் ஜெபக்குழுப் பெண்கள் "இது ஆண்டவர் உனக்குத் தந்த சிலுவை, பொறுத்துக்கோ" என்கிறார்களே, அது சரியா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

சரியில்லை. இயேசு தன் மேல் விழ வந்த எல்லா அடியையும் வாங்கிக்கொண்டவர் இல்லை. நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து தள்ளிவிடக் கூட்டிப்போனபோது கூட்டத்துக்கு நடுவே புகுந்து போய்விட்டார். கோயிலில் கல்லெறிய வந்தபோது மறைந்து வெளியேறினார். தலைமைக் குருவின் முன்னால் காவலன் கன்னத்தில் அறைந்தபோதுகூட "ஏன் என்னை அடிக்கிறாய்?" என்று கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், எண் 1153, உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழ அனுமதிக்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் உத்தரவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், தானே வெளியேறலாம். 2016-ல் போப் பிரான்சிஸ் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஏட்டில், சில வேளைகளில் பிரிவது ஒழுக்கக் கடமையாகவே ஆகிவிடும் என்கிறார். தோழியிடம் இதைச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181-ஐயும் கொடுங்கள்.

இனி முதல் கேள்வி. துன்பத்தையும் ஒறுத்தலையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். துன்பம் வருவது. ஒறுத்தல் நானே எடுத்துக்கொள்வது. சிலுவையைச் சுமக்கச் சொன்ன வசனம் 'தன்' சிலுவையைத்தான் சொல்கிறது. அடுத்தவர் தோளைப் பார்த்து "இதைத் தூக்கு" என்று சொல்லும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதன் விரிவு.

துன்பத்தைக் கடவுள் விரும்புகிறாரா? நற்செய்தியைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. தன்னிடம் வந்த தொழுநோயாளியிடம் "இந்த நோய் உன் ஆன்மாவுக்கு நல்லது, வைத்துக்கொள்" என்று இயேசு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கெத்சமனியில் அவரே, முடிந்தால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் மன்றாடினார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பேசும்போது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைத்தீர்களா என்று கேட்டு, அப்படியில்லை என்று அவரே பதிலும் சொன்னார். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு "என்ன பாவமோ" என்று முணுமுணுக்கும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்று சாதித்த நண்பர்களுக்கு நம் ஊரில் வாரிசுகள் அதிகம்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. வலி மாத்திரை வேண்டாம் என்று பிடிவாதம். நோவை உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக, அதாவது இறந்தபின் தூய்மை பெறக் காத்திருப்பவர்களுக்காக, ஒப்புக்கொடுக்கிறேன் என்பார். நற்கருணை கொண்டுவந்த சாமியாரிடம் சொன்னோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாத்திரை போட்டுக்கிடுங்க பாட்டி" என்றார். பெரியம்மா விடவில்லை: "ஆண்டவர் சிலுவையில் அறையுமுன்னே மயக்கம் தர்ற ரசத்தை வேண்டாம்னு சொன்னாரே சாமி." சாமியார் சிரித்துவிட்டார். "அவருக்கு அவர் வேண்டாம்னார். வேற யாரையும் வேண்டாம்னு சொல்லச் சொல்லலியே. கடைசியில தாகமா இருக்குன்னு கேட்டும் குடிச்சாரே." பெரியம்மா அன்று மாத்திரை போட்டார். அதன்பிறகு ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்தது. அதற்கு முன்பு ஒரு பத்து மணியைத் தாண்டமாட்டார்.

அந்தச் சாமியார் புதிதாக எதையும் சொல்லவில்லை. 1957 பிப்ரவரியில் போப் 12-ஆம் பயஸ் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போதே இதைத் தெளிவாக்கிவிட்டார்: வலியைத் தணிக்கப் போதை மருந்து கொடுக்கலாம். வேறு வழி இல்லாத நிலையில், அதனால் ஆயுள் குறைய நேரிடும் என்று தெரிந்தாலும், வலியைத் தணிப்பதே நோக்கமாக இருக்கும்வரை அது தவறாகாது. நம் வீடுகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. 1981-ல் குண்டடிபட்டுப் பிழைத்த இரண்டாம் ஜான்பால், துன்பத்தைப் பற்றியே 1984-ல் ஒரு மடல் எழுதினார். துன்பத்துக்கு மீட்பில் பங்கு உண்டு என்று சொல்லும் மடல்தான் அது. அதிலும் நல்ல சமாரியன் உவமைக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டால் செய்ய வேண்டியது அவன் காயத்தைக் கட்டுவது. துன்பத்தின் பயனைப் பற்றி அவனுக்குப் பிரசங்கம் செய்ய அங்கே இடமில்லை.

இதற்கு நேர் எதிரில் நிற்பது செழிப்பு உபதேசம். விசுவாசம் இருந்தால் நோய் போகும், கடன் தீரும், கார் வரும். அவர்களிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் உண்டு: அப்படியானால் டோனாவூர் அம்மா, மிஷனரி எமி கார்மைக்கேல்? 1895-ல் இந்தியாவுக்கு வந்த அவர் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1951-ல் இங்கேயே இறந்தார். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் எடுத்து வளர்த்தவர். 1931-ல் தவறி விழுந்தபின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அறையைவிட்டு அதிகம் நகர முடியவில்லை. அவருக்காக ஜெபித்தவர்களுக்கு விசுவாசம் போதவில்லையா? படுக்கையிலிருந்தபடி புத்தகம் புத்தகமாக எழுதினார், இல்லத்தையும் நடத்தினார். விழுந்தது நல்லதற்கென்று நான் சொல்லமாட்டேன். விழுந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்கிறேன்.

ஒறுத்தலுக்கு வருவோம். பழைய கத்தோலிக்க ஞானோபதேசப் புத்தகத்தில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இருக்கும். ஒருசந்தி என்றால் ஒருவேளை முழுச்சாப்பாடு, சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. இன்றைய சட்டப்படி ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான், அதுவும் 18 முதல் 59 வயதுவரை. சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. எங்கள் கடற்கரைப் பக்கம் தவக்கால வெள்ளியன்று நெய்மீன் குழம்பு கொதிக்கும். இறைச்சி இல்லை, ஆகவே சட்டம் காப்பாற்றப்பட்டது. விலையைக் கேட்டால் ஆட்டிறைச்சியே தேவலை என்று தோன்றும்.

நோன்பு ஆதியில் எதற்காக இருந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. 2-ஆம் நூற்றாண்டில் அரிஸ்தீதெஸ் என்ற ஏதென்ஸ் நகரத்து மெய்யியலாளர் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி விளக்கி எழுதினார். அவர்களிடையே ஏழை ஒருவன் இருந்து, கொடுக்கக் கையில் மிச்சம் இல்லாவிட்டால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி கிடந்து அந்த உணவை அவனுக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். கணக்கு எவ்வளவு நேராக இருக்கிறது பாருங்கள்: நான் உண்ணாத சோறு இன்னொருவன் தட்டுக்குப் போகிறது. விவிலியத்தில் ஏசாயா 58-ஆம் அதிகாரமும் இதையேதான் கேட்கிறது. தவக்காலத்தில் மிச்சம் பிடித்த காசு யாருக்கும் போகாமல் ஈஸ்டர் பிரியாணிக்குப் போனால் அது வெறும் உணவுக் கட்டுப்பாடு. உடம்புக்கு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. சவுக்கால் அடித்துக்கொள்வது போன்றவற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தெருத்தெருவாகத் தங்களை அடித்துக்கொண்டு போன கூட்டங்களை 1349-லேயே போப் 6-ஆம் கிளமெண்ட் கண்டித்துவிட்டார்.

சோற்றைக் குறைப்பது எளிது. நான் யார் என்ற மிதப்பைக் குறைப்பது கடினம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டக்காரர் தேவசகாயம் அதற்குச் சாட்சி. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், சொத்து நட்டங்களால் மனம் உடைந்திருந்த அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. அதற்குப் பிறகு, சாதியில் தாழ்ந்தவர்களாக வைக்கப்பட்டிருந்தவர்களோடு சமமாகப் பழகினார். 1749-ல் கைது, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், சித்திரவதை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மரணத்தைத்தான் பிரசங்கங்களில் பேசுகிறார்கள். பிறப்பால் கையில் இருந்த மேன்மையை அவர் அதற்கு முன்பே விட்டுவிட்டார் என்பதைக் குறைவாகவே கேட்கிறோம். அவர் மனைவி ஞானப்பூவைப் பற்றி இன்னும் குறைவு. கணவனையும் ஊரையும் இழந்த அந்த அம்மாள் வடக்கன்குளத்தில் மிச்ச நாளைக் கழித்தார்.

அதே வடக்கன்குளத்தில்தான் பின்னால் சாதிக்கு ஒரு பக்கமாக உட்காரும்படி இரண்டு கைகளாக விரியும் கோயிலைக் கட்டி நடுவே தடுப்பும் வைத்தார்கள். 1910-ல்தான் தடுப்பு அகன்றது. கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் அது இன்னும் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே தமிழ்க் கிறிஸ்தவருக்கு இன்று தன்னை ஒறுத்தல் என்றால் என்ன என்று கேட்டால், மகளுக்கு வரன் பார்க்கும்போது முதல் கேள்வியாக எதைக் கேட்கிறோம் என்று பார்க்கச் சொல்வேன்.

2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டிவந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டு வெறும் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். என் உறவினர் சிலருக்கு அதில் வருத்தம். அவர்களில் ஒருவர் தவக்காலம் நாற்பது நாளும் மீன்கூடத் தொடாதவர்.