ஆல்ப்ஸ் மலையில் போர்ஷே ஓட்டலாம். கீறல் விழுந்தால் யார் கட்டுவது?

கேள்வி: நானும் மனைவியும் செப்டம்பரில் ஒன்பது நாள் குழுப் பயணமாக ஐரோப்பா போகிறோம். ம்யூனிக்கில் தொடங்கி ஆஸ்திரியாவின் க்ரோஸ்க்ளாக்னர் மலைச்சாலை, இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய், கடைசியில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம். ஆறு ஸ்போர்ட்ஸ் கார், பன்னிரண்டு பேர், கூடவே ஒரு புகைப்பட வழிகாட்டி. எனக்குக் கார் பைத்தியம், அவளுக்குக் கேமரா. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவன் என்பதால் மலைச்சாலை பயமில்லை. முன்பணம் இரண்டு லட்சம் கொடுத்தாகிவிட்டது. 'ஃபுல் இன்சூரன்ஸ் சார், பம்பர் டு பம்பர், கவலையே வேண்டாம்' என்கிறார் ஏஜென்ட். ஆனால் ஒப்பந்தத்தில் 5,000 யூரோ என்று ஒரு வரி இருக்கிறது. கார் அடிபட்டால் என் பணம் போகுமா? (கோவை வாசகர்)

பதில்: போகும். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தால் 5,000 யூரோ வரை போகும். ஒரே ஒரு விஷயத்தில் தவறினால் காரின் முழு ரிப்பேர் செலவும் உங்கள் தலையில் விழும். அந்த ஒரு விஷயத்தை உங்கள் ஏஜென்ட் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 5,000. நம் ஊரில் சொந்தக் காருக்கு கிளெய்ம் போட்டால் கட்டாயக் கழிவு என்று ஒரு தொகை நம் கையிலிருந்து போகும். 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. வாடகை ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே கழிவுதான், ஆனால் அளவு வேறு. ஒவ்வொரு விபத்துக்கும் முதல் 5,000 யூரோ, அதாவது சுமார் ஐந்து லட்சம் ரூபாய், உங்களுடையது. அதற்கு மேல் போனால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி வரும். போர்ஷேயின் முன் பம்பரில் ஒரு நல்ல கீறல் விழுந்து, உள்ளே இருக்கும் சென்சாரும் போனால், பில் அந்த ஐந்து லட்சத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம். அப்போது இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாததற்குச் சமம். 'பம்பர் டு பம்பர்' என்பது நம் ஊர் ஷோரூம்காரர்கள் பழக்கிவிட்ட வார்த்தை. அங்கே இருப்பது ஒப்பந்தத்தில் அச்சடித்த எண் மட்டும்தான்.

அந்த எண்ணுக்குக் கீழே, சின்ன எழுத்தில், இன்னொரு பட்டியல் இருக்கும்: டயர், வீல், கண்ணாடி, காரின் அடிப்பாகம். இவற்றுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸே கிடையாது. நீங்கள் போகும் க்ரோஸ்க்ளாக்னர் சாலை 48 கிலோமீட்டர், 36 வளைவு, 1935-ல் திறந்தது. தார் போட்ட அருமையான சாலை. ஆனால் குழு கட்டாயம் எடல்வைஸ்ஷ்பிட்ஸே என்ற முகட்டுக்கு ஏறும். 2,571 மீட்டர் உயரம், அந்தச் சாலையிலேயே உச்சி அதுதான், படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. முகட்டுக்குப் பிரியும் அந்தக் கிளைச்சாலை குறுகலானது, செங்குத்தானது, கல் பாவியது. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு தரையிலிருந்து ஒரு கை உயரம்கூட இருக்காது. ஒரு திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டி ஏறினால் அடிவயிறு கல்லில் உரசும் சத்தம் உள்ளே கேட்கும். வால்பாறையில் நீங்கள் ஓட்டிய கார் அந்த இடத்தில் உரசாது. வளைவு உங்களுக்குப் பழக்கம்தான், இவ்வளவு தாழ்வான கார் பழக்கமில்லை. ஸ்டியரிங்கும் இடது பக்கம், ஓட்டுவது சாலையின் வலது பக்கம். முகட்டுக்கு மட்டும் வழிகாட்டியின் வண்டியில் ஏறிப் போய்விடுங்கள் என்பது என் ஆலோசனை.

இப்போது அந்த ஒரே விஷயம். ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்று யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் மட்டும்தான் அந்தக் காரைத் தொடலாம். சாதாரண சுற்றுலாவில் இது பெரிய பிரச்சினை ஆகாது, ஓட்டுகிறவர் ஓட்டுவார், மற்றவர்கள் உட்காருவார்கள். புகைப்படமும் காரும் சேர்ந்த பயணத்தில்தான் இது உடைகிறது. ஏனென்றால் படத்துக்காக ஆளும் காரும் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருப்பார்கள். 'உங்க மஞ்சள் காரை முன்னாடி விடுங்க, சிவப்புப் பின்னாடி வரட்டும்.' 'நீங்க கேமராவோட மேல போங்க சார், காரை அவர் எடுத்துட்டு வரட்டும்.' 'இன்னும் ரெண்டு மீட்டர் பின்னாடி.' இப்படித்தான் நடக்கும். ஆறு காரும் எல்லோருக்கும் ஓட்டக் கிடைக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆறு ஒப்பந்தத்திலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக மோட்டார் கிளெய்ம் பார்க்கிறவன். சில வருடங்களுக்கு முன் சென்னைக்காரர் ஒருவர் இதே மாதிரிப் பயணம் போய்வந்து என்னிடம் ஃபைலோடு வந்தார். சாலையோரம் வண்டி நிறுத்தும் இடம். மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. இவர் பாறை மேல் முக்காலியோடு நிற்கிறார். கீழே நண்பர் காரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துகிறார், நடை வேகம்கூட இல்லை. முன் உதடு, அதாவது பம்பரின் கீழ் விளிம்பு, ஓரக்கல்லில் ஏறிப் பிளந்துவிட்டது. வாடகைக் கம்பெனி கேட்டது ஒரே கேள்வி: அப்போது யார் ஓட்டினார்? இவர் 'நான்தான்' என்று சொல்லிவிடலாமா என்று என்னைக் கேட்டார். சொல்லக்கூடாது, அது மோசடி. சொல்லியிருந்தாலும் நின்றிருக்காது. குழு வழிகாட்டி அன்று எடுத்து எல்லோருக்கும் அனுப்பிய படத்திலேயே நண்பர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது, எடுத்த நேரம் நொடி சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. டெபாசிட் முழுக்கப் போய், அதற்கு மேலும் கட்டினார். இரண்டு மீட்டர் நகர்த்தியதற்கு.

ஆகவே உங்கள் மனைவி ஓட்டுகிறாரோ இல்லையோ, அவர் பெயரையும் கூடுதல் ஓட்டுநராகச் சேருங்கள். நாளைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வயது வரம்பு, உரிமம் எடுத்து எத்தனை வருடம் என்ற நிபந்தனை இரண்டையும் அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஓடுகிற காரின் ஜன்னலில் உடம்பை நீட்டிப் படம் எடுப்பது வேண்டாம், வழிகாட்டி சொன்னாலும் வேண்டாம். காரை நகரும்போது எடுக்க, பாதுகாப்பான ஓரத்தில் நின்று, ஷட்டர் வேகத்தை 1/60-க்கு இறக்கிக் காரோடு கேமராவைத் திருப்பினாலே சக்கரம் சுழல்வதும் பின்னணி ஓடுவதும் கிடைக்கும். நீங்களும் ஓட்டும்போது கையில் எதையும் எடுக்காதீர்கள். ஜெர்மனியில் செல்போன் கையில் இருந்தாலே 100 யூரோ அபராதம். விபத்தும் சேர்ந்தால் பெருங்கவனக்குறைவு என்று சொல்லி இன்சூரன்ஸ் தொகையைக் குறைப்பார்கள்.

ஸ்டெல்வியோ இத்தாலியில் இருக்கிறது, கார் எடுப்பது ஜெர்மனியில். விலை உயர்ந்த கார்களை இத்தாலிக்குள் கொண்டுபோகக்கூடாது என்று எழுதியிருக்கும் ஜெர்மன் ஒப்பந்தங்கள் உண்டு. எந்தெந்த நாட்டுக்கு அனுமதி என்ற வரியைத் தேடுங்கள். ஸ்டெல்வியோவிலிருந்து உம்ப்ரைல் என்ற பக்கத்துக் கணவாய் வழியாக இறங்கினால் ஸ்விட்சர்லாந்து, அதன் பெயரும் இருக்கவேண்டும். இந்தக் கார்கள் பலவற்றில் இருக்கும் இடமும் வேகமும் கம்பெனிக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நூர்பர்க்ரிங் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 1927-ல் திறந்த அந்தப் பழைய வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாட்களில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் ஓட்டலாம். அப்போது அது சட்டப்படி ஒரு வழி சுங்கச் சாலை, ஜெர்மன் சாலை விதிகளே அங்கும் செல்லும். இதை வைத்துத்தான் ஏஜென்ட்கள் 'அதுவும் ரோடுதான் சார், இன்சூரன்ஸ் வரும்' என்கிறார்கள். பாதி உண்மை. சாலை என்பது சரி. ஆனால் வாடகை ஒப்பந்தம் என்பது உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையிலான பேச்சு. அதில் பந்தயத் தடம் கூடாது, நூர்பர்க்ரிங் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருப்பார்கள். நுழைந்த நிமிடத்தில் இன்சூரன்ஸ் நின்றுவிடும். தடுப்புக் கம்பியில் மோதினால் கம்பிக்கும் பில் வரும், இழுத்துவரும் வண்டிக்கும் பில் வரும், கார் முழுவதும் உங்களுடையது. அந்த நாட்களில் காருக்குள்ளிருந்து படமோ வீடியோவோ எடுக்கவும் தடை, எனவே உங்கள் மனைவிக்கும் உள்ளே வேலை இல்லை. அவர் வேலிக்கு வெளியே பார்வையாளர்கள் நிற்கும் இடங்களில் நின்று எடுக்கலாம், மிக நல்ல படங்கள் கிடைக்கும்.

ஒரே விதிவிலக்கு: அந்தத் தடத்துக்கென்றே கார் வாடகைக்கு விடுகிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அந்தக் காரை, அந்த ஒப்பந்தத்தில், உங்கள் பெயரில், எவ்வளவு வரை உங்கள் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுத்தால் ஓட்டலாம். திரும்பச் சொல்கிறேன்: பயணத்துக்குக் கொடுத்த போர்ஷே இல்லை, தடத்துக்கென்று தனியாக எடுத்த கார். வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பயணக் காருக்கு அந்த விலக்கு கிடையாது. 'மெதுவாகத்தான் போவோம்' என்றாலும் கிடையாது. எழுத்தில் இல்லாவிட்டால் ஓட்டத் தெரிந்த ஒருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வாருங்கள். அதுவே போதும் என்பேன்.

டெபாசிட்டுக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அதில் 5,000 யூரோ நிறுத்திவைக்க இடம் இருக்கவேண்டும். 2020 மார்ச்சுக்குப் பிறகு தரும் நம் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் திறக்கவேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டு லட்சம் யாரிடம் இருக்கிறது? ஜெர்மன் சட்டப்படி தொகுப்புப் பயணம் நடத்துகிறவர், முன்கூட்டிப் பணம் வாங்கினால், சிஹெருங்ஸ்ஷைன் என்ற உத்தரவாதச் சீட்டைக் கொடுத்தாகவேண்டும். கம்பெனி திவாலானால் பணம் திரும்ப வரும் என்பதற்கான சீட்டு அது. உங்கள் பெயர் போட்ட சீட்டைக் கேளுங்கள். தரமுடியவில்லை என்றால் உங்கள் பணம் நடுவில் இருப்பவரின் கணக்கிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை நிறுத்துங்கள். வாடகை ஒப்பந்தத்தின் முழு நகலும் வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் தரும் வவுச்சரை வைத்துக்கொண்டு கிளெய்ம் பேசமுடியாது.

அதே ஆள் 'இன்டர்நேஷனல் லைசென்ஸும் நானே எடுத்துத் தருகிறேன்' என்பார். வேண்டாம். அந்தச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்குவது. அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். இணையத்தில் மூன்று வருடம், பத்து வருடம் செல்லும் என்று பளபளப்பான அட்டை விற்கிறார்கள். அது வெறும் அட்டை. அதைக் காட்டி ஓட்டி விபத்தானால் சரியான அனுமதி இல்லாமல் ஓட்டியதாகிவிடும். ஆஸ்திரியாவும் இத்தாலியும் உங்கள் அசல் உரிமத்தோடு இந்த அனுமதியையும் எதிர்பார்க்கும், டிஜிலாக்கரை வாடகை மேசையில் நீட்டாதீர்கள். இதில் எனக்குத் தீராத ஆத்திரம் ஒன்று இருந்தது. 2021 ஜனவரியில் விதி மாறும் வரை, அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது விசா நகல் எங்கே என்பார்கள். ஷெங்கன் விசாவோ பலருக்குக் கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் கைக்கு வருகிறது. அந்தச் சில நாளில் சர்வர் வேலை செய்யவில்லை, அதிகாரி லீவு என்றால் மனிதன் என்ன செய்வான்? ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் போனான். அந்தப் புரோக்கரை உண்டாக்கியது அந்த ஏற்பாடுதான். இப்போது விதிப்படி விசா நகல் தேவையில்லை. ஆகவே விசாவுக்குக் காத்திருக்காமல் உங்கள் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேமரா விலை உயர்ந்தது என்றால் புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அங்கே வாங்கியதா என்ற வாக்குவாதம் இருக்காது.

காரை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் உங்கள் மனைவியின் கேமராவுக்கு முதல் வேலை: நான்கு வீல், முன் உதட்டின் அடிப்பக்கம், கண்ணாடி, எல்லாவற்றையும் கம்பெனி ஆள் நிற்கும்போதே நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய நகல்களில் ஒன்றைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. உங்கள் மனைவியின் ஓட்டுநர் உரிமம் ஆகஸ்ட் மாதத்தோடு முடிகிறது. பயணம் செப்டம்பரில். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், நாற்பதைத் தாண்டியவர் என்பதால் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். அது கைக்கு வராமல் சர்வதேச அனுமதியும் இல்லை, கூடுதல் ஓட்டுநர் பெயரும் இல்லை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.