தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

கேள்வி: மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டி வைத்து 60 ஜிலேபி மீன் குஞ்சுகள் விட்டிருக்கிறேன். மேலே ஜல்லிப் படுகையில் கீரை, தொட்டித் தண்ணீர்தான் அதற்குப் போய்த் திரும்புகிறது. போர் தண்ணீர்தான். தினமும் 50 கிராம் தீவனம் போடுகிறேன். ஒரு வாரம் துள்ளிக்கொண்டிருந்தன. பத்தாம் நாள் காலையில் நான்கு, மறுநாள் பதினொன்று செத்து மிதந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. என்ன நோய், என்ன மருந்து வாங்குவது? (மதுரை வாசகர்)

பதில்: மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். இன்றே தீவனத்தை நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் பட்டினி கிடந்தால் ஜிலேபிக்கு ஒன்றும் ஆகாது. செத்த மீன்களை உடனே அள்ளிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இப்போது மாற்றுங்கள், நாளை இன்னொரு முறை. போர் தண்ணீரில் பிராணவாயு குறைவு, உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அம்மோனியா மேல்தான் எனக்குச் சந்தேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் 50 கிராம் போட்டால், மீன் தின்று கழிப்பதில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் அம்மோனியா வருகிறது. 500 லிட்டரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில். இதை நைட்ரைட்டாகவும் பிறகு செடி உறிஞ்சும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஜல்லியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் ஜல்லி இன்னும் வெறும் கல். நாற்றாக இருக்கும் கீரை மட்டும் எவ்வளவு இழுத்துவிடும்? அம்மோனியாவுக்கு நிறமும் கிடையாது என்பதால் தெளிந்த தண்ணீரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

போர் தண்ணீர் இதில் இன்னொரு சிக்கல். பெரும்பாலும் அதன் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8-ஐ ஒட்டி இருக்கும். 30 டிகிரி சூட்டில், பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவில் இருக்கும். 8 என்றால் ஏழெட்டு சதவீதம். அதற்காக எலுமிச்சையையோ அமிலத்தையோ மடமடவென்று கொட்டாதீர்கள், அந்தத் திடீர் மாற்றமே மீனைக் கொன்றுவிடும். படுகையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். பிஹெச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, இப்போதுதான் செத்த மீன் ஒன்றின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் சாக்லேட் நிறத்தில் பழுப்பாக இருந்தால் நைட்ரைட் ஏறிவிட்டது; ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போயிருக்கிறது. அதற்கு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில், உங்கள் தொட்டிக்கு அரை கிலோ, அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்றலாம். கீரை தாங்கும். பீன்ஸ் போட்டிருந்தால் யோசியுங்கள்.

விடியற்காலையில் பெரிய மீன்களாகப் பார்த்து ஒட்டுமொத்தமாகச் செத்திருந்தால் கதை வேறு. அது பிராணவாயுக் குறைவு, இரவில் கரண்ட் போயிருக்கலாம். கீரைக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தீர்களா, ஏர் பம்ப் பக்கத்தில் கொசு மருந்து அடித்தீர்களா என்றும் நினைத்துப் பாருங்கள். கொசு மருந்தை ஏர் பம்ப் அப்படியே உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிவிடும். பலரும் கடைசியில்தான் அதை யோசிக்கிறார்கள்.

ஊகத்தில் ஓட்டாமல், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் நான்கையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். முளைவிடும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும், போதாததற்கு அந்தக் கீரையைச் சாப்பிடப் போவது நீங்கள்தான். ஜல்லியைக் கழுவவும் வேண்டாம்.

மிஞ்சிய குஞ்சுகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வேறு தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு, அவருடைய தொட்டியில் நோய் இல்லை என்றால், நன்றாக ஓடும் ஃபில்டரிலிருந்து ஒரு கை ஜல்லியோ பஞ்சோ வாங்கி உங்கள் படுகையில் புதையுங்கள், வாரக்கணக்கு குறையும். பத்து மீனுக்கும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு ஒரு வேளைத் தீவனம் போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் மட்டும் ஏறத் தொடங்கினால், அப்புறம் வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் குஞ்சு விடலாம்.