வாசகர் கேள்விகள்: சியாட்டில் மழையும் யாக்கிமா ஆப்பிளும்

கேள்வி: என் மகன் பணி மாற்றலாகி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகிறான். அங்கே எந்நேரமும் மழை என்கிறார்கள் சிலர். அங்கு வாழ்ந்து திரும்பிய உறவினர் ஒருவரோ, பாதி மாநிலம் பொட்டல்காடு என்கிறார். எதை நம்புவது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டையும் நம்பலாம். கேஸ்கேட் மலைத்தொடர் அந்த மாநிலத்தை வடக்குத் தெற்காக வகிர்ந்து செல்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது குளிர்ந்து மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுவதால், கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆகும்பேயில் அடித்துப் பெய்யும் பருவமழை, மலைக்குக் கிழக்கேயுள்ள சித்ரதுர்காவை எட்டுவதற்குள் மெலிந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். கடலோர ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலைக்கு அப்பாலுள்ள யாக்கிமாவிலோ 200 மில்லிமீட்டர் பெய்தாலே வழக்கமான ஆண்டுதான்.

உங்கள் மகன் செல்வது சியாட்டில் பக்கமாக இருந்தால், ஒரு செய்தி உங்களை வியக்கவைக்கும்: அவ்வூரின் ஆண்டு மழையும் பெங்களூரின் ஆண்டு மழையும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது 1,000 மில்லிமீட்டரை ஒட்டியவை. இங்கே ஒரு மாலையில் இடியுடன் கொட்டிச் சாலையை மூழ்கடிக்கும் மழை, அங்கே அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை தூறலாகவே பெய்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வானம் வெளுத்துவிடும். என்னைக் கேட்டால், அங்கே குடியேறுபவர் அஞ்ச வேண்டியது மழைக்கு அன்று, டிசம்பரில் மாலை நாலரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுவதற்கு.

மலை பிரித்தது மழையை மட்டுமல்ல. 1916இல் போயிங் தொடங்கப்பட்டதும், பின்னர் மைக்ரோசாஃப்டும் அமேசானும் வளர்ந்ததும் மேற்கில். நம்மவர் பெரும்பாலும் குடியிருப்பதும் அங்கேதான். கிழக்கு, கோதுமையும் பழத்தோட்டமுமாக வாழும் வேளாண் நாடு. மேற்கு ஜனநாயகக் கட்சிக்கும் கிழக்கு குடியரசுக் கட்சிக்கும் வாக்களிக்க, 1985 முதல் ஆளுநர் பதவி ஜனநாயகக் கட்சியினரிடமே இருந்து வருகிறது; கிழக்கில் அவ்வப்போது தனி மாநிலக் கோரிக்கை எழுவதற்கு இந்த மனக்குறையும் ஒரு காரணம்.

கேள்வி: கே.ஆர். மார்க்கெட்டில் 'வாஷிங்டன்' என்று ஒட்டிய ஆப்பிள் வாங்கினேன். வெள்ளை மாளிகை இருக்கும் ஊரிலா ஆப்பிள் விளைகிறது?
– வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: இல்லை. தலைநகரிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே உள்ள, நாம் இதுவரை பேசிய மாநிலத்தில்தான். அமெரிக்க ஆப்பிளில் பாதிக்கு மேல் அதன் வறண்ட கிழக்குப் பகுதியில் விளைகிறது. காற்று உலர்ந்திருப்பதால் பூஞ்சை நோய்கள் குறைவு. கோடையில் பகல் நீளம். நீரோ மலையில் உருகும் பனியிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் கால்வாய் வழியே வருகிறது. கொலம்பியா ஆற்றின் குறுக்கே 1933 முதல் 1942 வரை கட்டப்பட்ட கிராண்ட் கூலி அணையிலிருந்து மேட்டுக்கு இறைக்கப்படும் நீர், இன்று 6 லட்சம் ஏக்கருக்கும் மேல் பாய்கிறது.

அந்த விளைச்சலுக்கு விலை கொடுத்தவர்கள் பூர்வகுடிகள். அணையில் மீன் ஏறுவதற்கு வழி விடப்படாததால், கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் சால்மன் மீன்கள் மேல்பகுதிக்கு வராமற்போயின. பல தலைமுறைகளாக அவர்கள் மீன்பிடித்த கெட்டில் அருவியும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அணைக்கு மேலே மீண்டும் சால்மனை வாழவைக்கும் முயற்சிக்கு 20 ஆண்டுகளில் 20 கோடி டாலர் தர, அமெரிக்க மத்திய அரசு 2023இல்தான் ஒப்புக்கொண்டது.